டாப் சர்ஜரிக்குப் பிறகு: திருநம்பிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டாப் சர்ஜரி என்பது, திருநம்பிகளுக்கு (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்ட ஆண்களுக்கு) மார்பகத் திசுவை எடுத்து ஆண் நெஞ்சாக அமைக்கும் ஆபரேஷன். நெஞ்சின் இரு பக்கமும் நீளமாகக் கீறி, திசுவை எடுத்து, முலைக்காம்பைத் தனியே பிரித்துச் சிறிதாக்கி ஆண் நெஞ்சில் இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டுவார்கள். பெரும்பாலோருக்குச் செய்யப்படுவது இந்த முறைதான், கீழே உள்ள பதில்களும் முக்கியமாக இதைப் பற்றியவை. காம்பைச் சுற்றி மட்டும் கீறும் முறையில் எது மாறுமோ அதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம். உங்கள் சர்ஜன் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் வேறு கணக்கு இருந்தால் அந்தத் தாள் சொல்வதையே பின்பற்றுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் என்ன தயார் செய்ய வேண்டும்?

முதல் இரண்டு வாரம் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டுதான் எல்லாம் செய்வீர்கள். அதனால் தட்டு, டம்ளர், மாத்திரை, சார்ஜர், துண்டு எல்லாவற்றையும் மேல் அலமாரியிலிருந்து இறக்கி இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவே கை எட்டும் இடத்தில் வையுங்கள். தலை வழியாகப் போடும் டீ-ஷர்ட் உதவாது. முன்பக்கம் பட்டன் வைத்த, ஒரு அளவு பெரிய அரைக்கைச் சட்டை நான்கைந்து வேண்டும்.

பாயில் படுப்பவர் என்றால் ஒரு மாதத்துக்காவது கட்டில் ஏற்பாடு செய்யுங்கள். தரையிலிருந்து எழும்போது எப்படியும் கையை ஊன்றிவிடுவோம், அந்த அழுத்தம் நேராகத் தையலுக்குப் போகும். கீழே குந்தும் கழிவறை இருந்தால், மேலே வைத்துக்கொள்ளும் கமோட் நாற்காலி சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். தலையணை நான்கைந்து, அளவு குறித்த சிறு பிளாஸ்டிக் கப் ஒன்று, ஒரு நோட்டு இவையும் வேண்டும்.

புகையிலையைப் பற்றிச் சமாதானமே கிடையாது. சிகரெட், பீடி, ஹான்ஸ், குட்கா, வேப் எதுவானாலும் ஆபரேஷனுக்கு 4 வாரம் முன்பும் 4 வாரம் பின்பும் நிறுத்த வேண்டும். புகைப்பதைக் கைவிட உதவும் நிக்கோட்டின் கம் கூட இதில் சேர்த்திதான். நிக்கோட்டின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். பிரித்து ஒட்டிய காம்புக்குச் சொந்தமாக ரத்த ஓட்டமே இல்லை, அடியிலிருந்து புதுக் குழாய் வளர்ந்து வந்தால்தான் பிழைக்கும். காம்பு கருகி உதிர்வதற்கான காரணங்களில், நம் கையில் இருக்கும் மிகப் பெரியது இதுதான்.

ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, சித்த அல்லது ஆயுர்வேத லேகியம் என்று எதை எடுத்தாலும் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இவற்றில் சில ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும்.

ஆஸ்பத்திரியில் எத்தனை நாள்?

ஆபரேஷன் 2 முதல் 4 மணி நேரம். பெரும்பாலும் ஒன்றிரண்டு இரவுகள். டிரெயினை (உள்ளே சேரும் நீரை வெளியேற்ற நெஞ்சில் வைக்கும் குழாயை) எடுக்கும்வரை வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. வெளியூர்க்காரர்கள் 7 முதல் 10 நாள் வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்குவது நல்லது. திருநெல்வேலியிலிருந்து சென்னை வந்து ஆபரேஷன் செய்துகொண்டவர் மூன்றாம் நாளே இரவு பஸ் ஏறினால், வழியில் தோலுக்கு அடியில் ரத்தம் தேங்கி ரத்தக்கட்டு வந்தால் பார்க்க ஆள் இருக்காது.

அட்மிஷனுக்கு முன்பே இரண்டு விஷயம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: எந்த வார்டு, எந்தப் பெயரில் கூப்பிடுவார்கள். ஆதாரில் பழைய பெயர் இருந்தால் கேஸ் ஷீட்டிலும் அதுதான் ஏறும். அழைக்கும் பெயரை மேலே பென்சிலில் எழுதிவைக்கச் சொன்னால் பல நர்ஸுகள் செய்துவிடுவார்கள். கூட இருப்பவர் குடும்பத்தாராகத்தான் இருக்க வேண்டுமா, நண்பர் கையெழுத்துப் போடலாமா என்பதையும் அப்போதே கேளுங்கள். கடைசி நேரத்தில் வாசலில் நின்று வாதாடும் நிலை வேண்டாம்.

முதல் நாள் எப்படி இருக்கும்?

நெஞ்சில் கனமான பெல்ட் இறுக்கிய மாதிரி இருக்கும். மயக்க மருந்துக்காகக் குழாய் விட்டதால் தொண்டை கரகரக்கும், குமட்டலும் வரலாம். அன்று மாலையே கூட ஆளை வைத்துக்கொண்டு எழுந்து நடந்துவிட வேண்டும். படுத்தே கிடந்தால் கெண்டைக்காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடும். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை பத்து ஆழ்ந்த மூச்சு எடுங்கள். கட்டு இறுக்கமாக இருப்பதால் மேலோட்டமாகவே மூச்சுவிடுவோம், நுரையீரலின் அடியில் சளி தங்கிவிடும். இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள்.

டிரெயின் பாட்டிலை வீட்டில் எப்படிக் கவனிப்பது?

பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழாய்கள் இருக்கும். தோலுக்கும் தசைக்கும் நடுவே சேரும் நீரை உறிஞ்சி எடுக்க அவை வைக்கப்படுகின்றன. நம் ஊரில் ரோமோவாக் மாதிரியான, மடிப்பு மடிப்பாக அமுங்கும் பாட்டில்தான் அதிகம். காலை 8, இரவு 8 என்று இரண்டு வேளை காலி செய்தால் கணக்குச் சுலபம்.

கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழாயில் உள்ள கிளாம்பை மூடுங்கள். பாட்டில் மூடியைத் திறந்து அளவுக் கப்பில் ஊற்றுங்கள். பிறகு பாட்டிலை முழுவதும் அமுக்கி, அமுக்கிய நிலையிலேயே மூடியைப் போட்டு, அதன்பின் கிளாம்பைத் திறங்கள். இந்த வரிசை மாறினால் உறிஞ்சும் விசை இருக்காது, பாட்டில் வெறுமனே தொங்கும். இடது, வலது அளவுகளைத் தனித்தனியே எழுதுங்கள், இரண்டையும் கூட்டிச் சொன்னால் சர்ஜனுக்குப் பயன்படாது.

குழாய்க்குள் நூல் நூலாகக் கட்டி அடைத்தால், தோலை ஒட்டிய இடத்தில் ஒரு கையால் குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டு, சானிடைசர் தடவிய மறு கை விரலால் பாட்டில் பக்கமாக அழுத்தி உருவுங்கள். தோல் பக்கம் பிடிக்காமல் உருவினால் தையலோடு குழாய் வெளியே வந்துவிடும்.

முதல் நாள் அடர் சிவப்பு, மூன்றாம் நாள் ரோஸ், பிறகு வைக்கோல் நிறம் என்று மாறி வர வேண்டும். ஒரு பக்கம் 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே (சிலர் 20 என்பார்கள்) அடுத்தடுத்து இரண்டு நாள் இருந்தால் எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் 3 முதல் 7 நாளில் அது நடக்கும். எடுக்கும்போது உள்ளே பாம்பு நெளிகிற மாதிரி ஒரு விநாடி தோன்றும், வலி குறைவு. பாட்டிலைச் சட்டையின் உள்பக்கம், நெஞ்சுக்குக் கீழே பின் குத்தி வையுங்கள். கழிவறையில் தொங்கவிட்டு மறந்து எழுந்து இழுத்துக்கொள்வதுதான் வழக்கமான விபத்து.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள் எவை?

முதல் 48 மணி நேரத்தில் ரத்தக்கட்டைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, கல் மாதிரி இறுகி, வலி ஏறிக்கொண்டே போகும். பாட்டிலில் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் நிறையும், அல்லது குழாய் அடைத்து ஒன்றுமே வராது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்குவது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்து கட்டியை எடுக்க வேண்டியிருக்கலாம். காம்பைச் சுற்றிக் கீறும் முறையில் இது சற்று அதிகம், ஏனென்றால் சிறிய திறப்பு வழியாக உள்ளே ரத்தம் நிறுத்துவது கடினம்.

நான்காம் நாளுக்குப் பிறகு தொற்று: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாளுக்கு நாள் பரவும் சிவப்பு, சீழ், கெட்ட வாடை. கறுத்த தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சுற்றிலும் சூடு, இறுக்கம், பளபளப்பு இருந்தால் அதுவும் அறிகுறிதான். ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, மூச்சு இழுக்கையில் குத்தினாலோ சர்ஜனுக்கு போன் போட்டுக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வலிக்கு எதைச் சாப்பிடலாம்?

பாராசிட்டமால் 650, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு 4 மாத்திரைக்கு மேல் போகாமல். சிக்கல் எங்கே என்றால், சீட்டில் உள்ள மற்ற வலி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். ஜெரோடால்-பி, அல்ட்ராசெட் இரண்டிலும் உண்டு. அட்டையைத் திருப்பி மருந்துப் பெயரைப் படித்துவிட்டுத்தான் டோலோவைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கல்லீரல் பாதிக்கப்படும். டிராமடால் வகை மாத்திரை மலச்சிக்கல் தரும். முதல் நாளிலிருந்தே தண்ணீர், பப்பாளி, தேவைப்பட்டால் மருத்துவர் தரும் லாக்டுலோஸ் சிரப் எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் படுப்பது, எப்படி எழுவது?

மல்லாந்து, மேலுடம்பு 30 முதல் 45 டிகிரி உயரமாக, இரண்டு முழங்கைக்கு அடியிலும் தலையணை வைத்து. எழும்போது கையை ஊன்றாமல், முழங்காலை மடக்கி, உடம்பை மொத்தமாகப் பக்கவாட்டில் திருப்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் அந்தக் கனத்திலேயே உடம்பு மேலே வரும். கூட இருப்பவர் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, முதுகுக்குப் பின்னால் கை கொடுத்துத் தூக்கலாம். பக்கவாட்டில் படுப்பது 4 முதல் 6 வாரத்துக்குப் பிறகு. குப்புறப் படுப்பது இன்னும் தாமதமாக.

அழுத்த உடையை எவ்வளவு நாள் போட வேண்டும்? பழைய பைண்டரே போதாதா?

போதாது. பைண்டர், ஆபரேஷனுக்கு முன் நெஞ்சைத் தட்டையாகக் காட்டப் போடும் இறுக்க உடை. அது திசுவைத் தட்டையாக்கத் தைக்கப்பட்டது, தலை வழியாகப் போட வேண்டும், மடிப்பு கீறல் மேலேயே விழும். முன்பக்கம் ஜிப் அல்லது ஒட்டுப்பட்டை உள்ள அழுத்த உடை வேண்டும். 3 முதல் 6 வாரம், குளிக்கும் நேரம் தவிர நாள் முழுவதும். இரண்டு விரல் உள்ளே நுழைய வேண்டும். அதைவிட இறுக்கினால் வேகமாக ஆறும் என்பது தவறு, காம்புக்குப் போகும் ரத்தம்தான் தடைபடும்.

சித்திரை, வைகாசி வெயிலில் இதைப் போட்டுக்கொண்டிருப்பது தண்டனைதான். முடிந்தால் மார்கழி, தை மாதங்களில் தேதி வாங்குங்கள். முடியாவிட்டால் இரண்டு உடை வாங்கி மாற்றி மாற்றித் துவையுங்கள், அடியில் மெல்லிய பருத்தி பனியன் (முன்பக்கம் வெட்டித் திறந்தது) போட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டர் ஒட்டிய இடம் சதுரமாகச் சிவந்து கொப்புளம் வந்தால் அது தொற்று இல்லை, பசை ஒவ்வாமை. சர்ஜனிடம் சொன்னால் வேறு பிளாஸ்டருக்கு மாற்றுவார்.

எப்போது குளிக்கலாம்?

டிரெயினும் காம்பு மேல் தைத்த பஞ்சுக் கட்டும் எடுக்கும்வரை இடுப்புக்குக் கீழே மட்டும் தண்ணீர், மேலே ஈரத்துணி. எடுத்த பிறகும் சொம்பைத் தூக்கித் தலையில் ஊற்றாதீர்கள், நாற்காலியில் உட்கார்ந்து இன்னொருவர் முதுகுப் பக்கமாக ஊற்றட்டும். கடல், குளம், நீச்சல் குளம் குறைந்தது 6 வாரம் கழித்து, புண் முழுதும் மூடிய பிறகு.

கட்டைப் பிரித்தால் காம்பு கருப்பாக இருக்கிறது. செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஒட்டிய காம்பு முதல் இரண்டு நாள் அடியில் ஊறும் திரவத்திலிருந்தே சத்தை உறிஞ்சி உயிர் வாழ்கிறது. பிறகு ரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று இணையத் தொடங்கி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஓட்டம் நிலைபெறும். அதற்குள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அந்த இணைப்பு அறுந்துவிடும். கட்டை 5 முதல் 7 நாள் பிரிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

பிரித்ததும் தெரியும் கருப்பு, மேல்தோல் காய்ந்த பொருக்கு. 2 முதல் 3 வாரத்தில் தானாக உதிரும், அடியில் இளஞ்சிவப்பாக இருக்கும். பிய்த்து எடுத்தால் அடியில் உள்ள உயிருள்ள பாகமும் சேர்ந்து வரும். தினமும் சர்ஜன் தந்த களிம்பை மெலிதாகத் தடவி, அதன்மேல் ஒட்டாத பாராஃபின் வலைத்துணி, அதற்கு மேல் காஸ் வையுங்கள். காய்ந்த காஸ் நேராகப் பட்டால் ஒட்டிக்கொண்டு, மறுநாள் பிரிக்கும்போது பெயர்த்துவிடும். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, மஞ்சள், வேப்பிலை அரைத்தது எதுவும் வேண்டாம். கிருமியைக் கொல்வதோடு புதிதாக முளைக்கும் செல்லையும் கொல்லும், அல்லது வெளியிலிருந்து அழுக்கைக் கொண்டுவரும்.

கொழகொழவென்று, பச்சை மஞ்சளாக, வாடையோடு இருந்தால் உடனே காட்டுங்கள். ஓரம் கொஞ்சம் போய்விட்டாலும் டிரஸ்ஸிங் செய்தே சில வாரங்களில் மூடிவிடும்.

கறுத்த தோல் உள்ளவர்களுக்கு ஆறிய காம்பில் திட்டுத் திட்டாக நிறம் போயிருக்கும். பல மாதங்களில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் கழித்து, மெல்லத் திரும்பும். திரும்பாத இடத்தை மருத்துவப் பச்சை குத்தி நிரப்பலாம்.

வலியே இல்லை, பத்தாம் நாளே வேலை செய்தால் என்ன?

இந்தக் கேள்வியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கீறலைச் சுற்றி நரம்புகள் அறுபட்டிருப்பதால் நெஞ்சு மரத்துப் போயிருக்கிறது. வலி இல்லாதது ஆறியதற்கு அடையாளம் ஆகாது. மூன்றாம் வாரத்தில் தோலுக்குத் தன் பழைய பலத்தில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் திரும்பியிருக்கும், மூன்று மாதத்தில்கூட 80 சதவீதம்தான். அதற்கு முன் இழுத்தால் தையல் உடனே பிரியாமல் இருக்கலாம், ஆனால் மெல்லிய கோடாக வர வேண்டிய தழும்பு விரல் அகலத்துக்கு விரியும்.

முதல் இரண்டு வாரம் 2 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம், ஆறு வாரம்வரை 5 கிலோவுக்கு மேல் வேண்டாம். தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் குடம் 15 கிலோ வரும், நிறை கேஸ் சிலிண்டர் 30 கிலோவுக்குப் பக்கம். எடை மட்டும் கணக்கில்லை. தேங்காய் துருவுவது, அம்மியில் அரைப்பது, அடிகுழாய் அடிப்பது, கடை ஷட்டரை இழுப்பது, கொடியில் துணி காயப்போடுவது, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்குவது எல்லாமே நெஞ்சுத் தசை வேலைதான்.

அதற்காகக் கையை மடக்கிக் கட்டிப்போட்டது போலவும் இருக்கக் கூடாது, தோள் இறுகிவிடும். தோள் உயரத்துக்குக் கீழே முதல் வாரத்திலிருந்தே மெதுவாக அசைக்கலாம். மூன்று நான்கு வாரம் ஆனதும் சுவர் பக்கம் நின்று விரலால் சுவரில் ஏறுவது போல் தினமும் கொஞ்சம் உயர்த்துங்கள், இழுப்பு தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள்.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு 1 முதல் 2 வாரம், உடலுழைப்புக்கு 6 வாரம். டூவீலர் 4 வாரத்துக்குப் பிறகு, அதுவும் செல்ஃப் ஸ்டார்ட். புஷ்-அப், பெஞ்ச் பிரஸ் 3 மாதம் கழித்து, பாதி எடையில் தொடங்கி.

முட்டை, மீன், கத்தரிக்காய் சாப்பிட்டால் சீழ் பிடிக்குமா?

பிடிக்காது. பெரியவர்கள் அன்பில் சொல்லும் இந்தப் பத்தியம், ஆற வேண்டிய நேரத்தில் புரதத்தைத்தான் நிறுத்துகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும், 60 கிலோ உள்ளவருக்கு ஏறக்குறைய 70 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் வெந்த கோழிக்கறியில் 25 கிராமுக்குச் சற்று மேல். வெறும் ரசம் சோறும் கஞ்சியுமாக ஒரு வாரம் கழித்தால் அதில் பாதிகூடத் தேறாது. சைவம் என்றால் சுண்டல், பருப்பு, பனீர், தயிர் எல்லாம் ஒவ்வொரு வேளையும் வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பது எந்தப் பத்தியத்தைவிடவும் முக்கியம்.

டிரெயின் எடுத்த பிறகு உள்ளே தண்ணீர் தளும்புகிற மாதிரி இருக்கிறது?

நீர்க்கட்டு. சர்ஜன் ஊசியால் உறிஞ்சி எடுப்பார், மரத்த இடம் என்பதால் பெரிதாகத் தெரியாது. இரண்டு மூன்று முறை எடுக்க வேண்டி வரலாம். வீட்டில் அமுக்கி வெளியேற்ற முயலாதீர்கள்.

டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசியை நிறுத்த வேண்டுமா?

பொதுவாகத் தேவையில்லை, சர்ஜனும் மயக்க மருத்துவரும் வேறு சொன்னால் ஒழிய. ஆனால் ஆபரேஷனுக்கு முன் ஹீமாட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்த்திருக்க வேண்டும். 54 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ரத்தம் தடித்திருக்கிறது என்று பொருள், முதலில் அளவைச் சரிசெய்வார்கள். பிறகும் தவறாமல் தேதிப்படி போடுங்கள். நின்றால் மாதப்போக்கு திரும்பலாம், அந்த நேரத்தில் அது யாருக்கும் வேண்டாத தொல்லை.

ஆசைப்பட்டுச் செய்துகொண்டது, ஆனால் ஒரே அழுகை. தப்பு செய்துவிட்டேனா?

மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை இது பலருக்கு வரும். தூக்கமின்மை, வலி மாத்திரை, குளிக்கக்கூட இன்னொருவரை நம்பியிருப்பது, வீங்கிய நெஞ்சைப் பார்த்து ‘இதுவா முடிவு?’ என்ற அதிர்ச்சி எல்லாம் சேர்ந்த சோர்வு அது. அந்த வாரத்தில் கண்ணாடியைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், வீக்கத்தின் பெரும்பகுதி வடிய 3 மாதமாகும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, உயிரை விடும் எண்ணம் வந்தாலோ 14416 என்ற டெலி-மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

தழும்புக்கு என்ன செய்வது?

பொருக்கு எல்லாம் உதிர்ந்து புண் மூடிய பிறகு, 3 அல்லது 4 வாரத்திலிருந்து, சிலிக்கான் ஷீட். ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், குறைந்தது 3 மாதம். வியர்வையில் நிற்காவிட்டால் சிலிக்கான் ஜெல். அதற்கும் காசில்லை என்றால் மைக்ரோபோர் காகிதப் பிளாஸ்டரைத் தழும்பின் நீளவாக்கில் ஒட்டி 3 நாளுக்கொருமுறை மாற்றலாம். தோலின் இழுப்பைக் குறைப்பதால் அதுவும் பலன் தரும், ஷீட்டின் விலையில் சிறு பங்குதான். வெயில் பட்டால் தழும்பு நிலையாகக் கறுக்கும், ஓராண்டுக்குச் சட்டைக்குள்ளேயே இருக்கட்டும்.

இடது தோளில் உள்ள பி.சி.ஜி தடுப்பூசித் தழும்பைப் பாருங்கள். அது தடித்துப் புடைத்திருந்தால், அல்லது குடும்பத்தில் யாருக்காவது காது குத்திய இடத்தில் உருண்டை வளர்ந்திருந்தால், கீலாய்டு (காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தடித்த தழும்பு) வரும் வாய்ப்பு உண்டு என்று ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜனிடம் சொல்லுங்கள். தழும்பு அரித்து, புடைத்து, கீறல் கோட்டைத் தாண்டி வளரத் தொடங்கினால் உடனே போனால் டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியில் அடக்கலாம். ஓராண்டு விட்டுவிட்டுப் போனால் கடினம்.

உணர்ச்சி திரும்புமா?

நெஞ்சுத் தோலில் பெரும்பகுதி மெல்லத் திரும்பும், 6 மாதம் முதல் 2 ஆண்டுவரை ஆகலாம். இடையில் மின்சாரம் சுண்டுவது போல் குத்தும், அது நரம்பு வளர்வது. பிரித்து ஒட்டிய காம்பில் பழைய பாலுணர்ச்சி பெரும்பாலும் திரும்பாது. காம்பைச் சுற்றிக் கீறும் முறையில் காம்பு உடலோடு ஒட்டியே இருப்பதால் உணர்ச்சி தங்கும் வாய்ப்பு அதிகம். மரத்திருக்கும்வரை வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், ஐஸ் கட்டியும் வேண்டாம். சுட்டாலும் தெரியாது.

அக்குள் பக்கம் மடிப்பு முக்கோணமாகத் துருத்துகிறது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. திருத்தலாமா?

6 மாதம்வரை தொடாதீர்கள், சின்ன மடிப்புகள் தானே அமுங்கும். மிஞ்சியதை ஓராண்டு வாக்கில் மரத்துப்போகும் ஊசி போட்டே சரிசெய்யலாம். முதல் மாதம், 3-ஆம் மாதம், 6-ஆம் மாதம் ஒரே வெளிச்சத்தில் எடுத்த போட்டோக்கள் இருந்தால் சர்ஜனோடு பேச எளிது.

இனி மார்பகப் புற்றுநோய் கவலை இல்லையா?

குறைந்திருக்கிறது, பூஜ்யமாகவில்லை. நெஞ்சு குழிந்து தெரியாமல் வடிவமாக இருக்கக் கொஞ்சம் திசுவை விட்டுத்தான் வைப்பார்கள். எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டு அந்த ரிப்போர்ட்டை வாங்குங்கள். அதையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆபரேஷன் குறிப்பையும் அசலாக வைத்திருங்கள், சான்றிதழ் வேலைகளுக்கும் பின்னாளில் திருத்த ஆபரேஷனுக்கும் கேட்பார்கள். அம்மா, சித்தி, பாட்டி யாருக்காவது மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் அதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்ல வேண்டும், எடுக்கும் அளவே மாறலாம்.

இரண்டு மூன்று மாதத்தில் கையில் தட்டுப்படும் சிறு கட்டி பெரும்பாலும் உறைந்த கொழுப்பு அல்லது கரையாத தையல் முடிச்சு. அது வளர்ந்தாலோ, சில மாதத்தில் கரையாவிட்டாலோ அல்ட்ராசவுண்ட் எடுங்கள். ஸ்கேன் மையத்தில் சீட்டில் ‘நெஞ்சு’ என்றும் ஆபரேஷன் தேதியையும் மருத்துவரை எழுதித் தரச் சொன்னால், வரவேற்பறையில் நின்று விளக்க வேண்டியிருக்காது.